எம்ஜிபி வாங்கலாமா? 14 வருடமாக ஒன்றை வைத்திருப்பவனின் பதில்

கேள்வி இது: "லெஸ்டரில் இருக்கிறேன், வேலைக்குப் போய்வர வேறு கார் உண்டு. சேமிப்பில் 10,000 பவுண்டு இருக்கிறது. 1960கள், 70களில் வந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, முடிந்தால் எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையை மடித்துத் திறக்கும் வகை), வாங்க ஆசை. வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். நண்பர்களோ ஒயரிங் கொல்லும், ஆயில் ஒழுகும், மாதம் ஒரு தடவை நடுரோட்டில் நிற்கும் என்று பயமுறுத்துகிறார்கள். நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கள்."

சொல்கிறேன். உங்கள் நண்பர்கள் பயமுறுத்துவது சரிதான், ஆனால் தப்பான இடத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். இன்ஜினாலோ ஒயரிங்காலோ எம்ஜிபி வைத்திருப்பவர் யாரும் ஆண்டியாகிவிடவில்லை. காசைத் தின்பது துரு. அதற்கு அடுத்தது, வாங்கிய காரை ஓட்டாமல் மூடி வைப்பது. இந்த இரண்டையும் சமாளிக்க முடியும் என்றால் வாங்குங்கள், முடியாது என்றால் மற்ற எல்லாம் சாதகமாக இருந்தாலும் வேண்டாம்.

என்னிடம் இருப்பது 1971 மாடல் ரோட்ஸ்டர், குரோம் பம்பர், ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் இன்ஜின் சுற்றைக் குறைக்கிற கூடுதல் கியர்) உண்டு. 2011இல் டார்பி பக்கத்தில் ஒரு தனியாரிடம் 6,500 பவுண்டுக்கு வாங்கினேன். பெயின்ட் பளபளவென்று இருந்தது, இன்ஜின் முதல் சாவியிலேயே பிடித்தது, போன வருடங்களில் செய்த வேலைக்கெல்லாம் ஒரு ஃபைல் நிறைய பில். "சில் இரண்டும் மூன்று வருடத்துக்கு முன்னால் மாற்றியாயிற்று" என்று அதற்கும் ஒரு பில் காட்டினார். சில் என்பது கதவுக்குக் கீழே ஓடுகிற தகட்டுப் பெட்டி. நானும் மகிழ்ந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு குளிர்காலம் கழித்து ஓட்டுநர் பக்கக் கதவு மூடும்போது கீழே இடிக்க ஆரம்பித்தது. வெல்டிங் பட்டறையில் வெளித்தகட்டை வெட்டித் திறந்து பார்த்தால், பழைய துருப்பிடித்த சில்லின் மேலேயே ஒரு புதுத் தகட்டை வைத்து ஒட்டி, பட்டி பூசி, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். உள்ளே இருந்தது அப்பளம் மாதிரி விரல் பட்டதும் நொறுங்கியது. இரண்டு பக்கமும் சரிசெய்து பெயின்ட் அடித்து முடிக்க 3,400 பவுண்டு ஆயிற்று. காரின் விலையில் பாதிக்கும் மேல்.

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் நீங்கள் கார் பார்க்கப் போகும்போது இதுதான் முக்கால்வாசி விஷயம். எம்ஜிபிக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது, லாரிக்கு இருப்பது போல அடியில் ஒரு சட்டம் இருந்து அதன் மேல் பாடி உட்காரவில்லை. பாடிதான் சேஸிஸ். 1962இல் இது வருவதற்கு முன் இதன் இடத்தில் இருந்த எம்ஜிஏ மாடலுக்குத் தனிச் சட்டம் இருந்தது. ரோட்ஸ்டருக்கோ மேலே கூரையும் இல்லை, ஆக மொத்த பலமும் கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடுகிற பெட்டி போன்ற சில்லில்தான் நிற்கிறது. அந்தப் பெட்டிக்குள் பல அடுக்குத் தகடு. முன் மட்கார்டுக்குப் பின்னால் சேறு தங்கும், இங்கே நவம்பர் முதல் மார்ச் வரை ரோட்டில் கொட்டுகிற உப்பும் அதோடு சேரும், தண்ணீர் உள்ளே இறங்கி உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். அதனால்தான் வெளியில் ஒரு கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே துரு தன் வேலையை எப்போதோ முடித்துவிட்டது என்று அர்த்தம். வெளித்தகடு ஒன்றை மட்டும் மாற்றுகிறேன் என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். மாற்றினால் எல்லா அடுக்கையும் மாற்ற வேண்டும், அதுவும் கதவு இடைவெளி சரியாக இருக்கும்படி பாடிக்கு முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும், இல்லையென்றால் கார் நடுவில் வளைந்த நிலையிலேயே வெல்டாகிவிடும், பிறகு எந்தக் கதவும் ஒழுங்காக மூடாது.

இன்னொரு வழியும் உண்டு. 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம், பழைய அச்சுகளைத் தேடி எடுத்து எம்ஜிபியின் முழு பாடியையும் புதிதாகச் செய்து தருகிறது, ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் விட்னி என்ற ஊரில். அறுபது வருடத்துக்கு முந்தைய காருக்குப் புத்தம்புது பாடி கிடைக்கும் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் உங்கள் 10,000 அந்த வெறும் பாடிக்கே போதாது. அந்த பாடியில் ஏற்கெனவே கட்டி முடித்த கார் விலைக்கு வந்தால், வேறொருவர் செலவழித்த பணத்தில் ஒரு பகுதிக்கே அது உங்களுக்குக் கிடைக்கும். நான் அப்படித்தான் வாங்கியிருக்க வேண்டும்.

சரி, இனி நல்ல பக்கம்.

இன்ஜின் 1798 சிசி, பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) செய்த பி-சீரிஸ். நம் ஊர்க்காரர்களுக்கு இது அந்நியம் இல்லை, அம்பாசடரில் பல வருடம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதே குடும்பம்தான். காரைக்குடி டாக்ஸி ஸ்டாண்டில் வளர்ந்தவன் நான். முதன்முதலில் எம்ஜிபியின் பானட்டைத் திறந்து வைத்து ஐடிலிங்கில் கேட்டபோது அந்த டேப்பட் சத்தம் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தது. வார்ப்பிரும்பு பிளாக், அலுமினியம் ஹெட் கிடையாது, டைமிங் பெல்ட் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் 1,00,000 மைலைத் தாண்டியும் போகும். 1964 கடைசியில் இன்ஜினின் முக்கியத் தண்டான கிராங்க்கைத் தாங்குகிற பேரிங்கை மூன்றிலிருந்து ஐந்தாக்கினார்கள், அதற்குப் பிந்தையது இன்னும் உறுதி. சூடான பிறகு ஓட்டத்தில் ஆயில் பிரஷர் முள் 50க்கு மேல் நின்றால் அந்த இன்ஜினைப் பற்றி மறந்துவிடலாம்.

பிளக், பாயிண்ட், டேப்பட் கிளியரன்ஸ், எஸ்யூ என்ற கம்பெனியின் இரண்டு கார்புரேட்டரையும் ஒன்றுக்கொன்று சமன் செய்வது, இதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. எஸ்யூ கார்புரேட்டரைச் சமன் செய்ய ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டின் மூச்சும் ஒரே மாதிரி இரைகிறதா என்று கேட்டால் போதும். முதல் தடவை அரை நாள் ஆகும், அப்புறம் இருபது நிமிடம். ஒன்று மட்டும் முதலிலேயே வாங்கி வையுங்கள்: அங்குல அளவு ஸ்பேனர் செட். மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து முறுக்கினால் போல்ட்டின் முனை தேய்ந்து வழுக்கும்.

உதிரிபாகம் இந்த காரின் பெரிய பலம். 1962 முதல் 1980 வரை எம்ஜியின் ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள், பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. அதனால் இரண்டு கண்டத்திலும் பாகம் செய்பவர்களுக்கு வியாபாரம் இருக்கிறது. வாட்டர் பம்ப், பிரேக் சிலிண்டர், கதவு ரப்பர், எதைக் கேட்டாலும் போனில் சொன்னால் அடுத்த நாள் தபாலில் வந்துவிடும், விலையும் பல இடங்களில் புதிய காரின் பாகத்தைவிடக் குறைவு. என் தினசரி காரின் ஒரு ஹெட்லைட்டுக்குக் கேட்ட விலையில் எம்ஜிபிக்கு முன்பக்க பிரேக் வேலை முழுவதையும் முடித்திருக்கிறேன். 1973இல் தொடங்கிய எம்ஜி ஓனர்ஸ் கிளப்பும், அதைவிடப் பழைய எம்ஜி கார் கிளப்பும் இருக்கின்றன. ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிடுங்கள், ஒரு சத்தத்தை விவரித்தாலே எந்த பேரிங் என்று சொல்கிற மனிதர்கள் அங்கே உண்டு.

ஒயரிங் பற்றி. இந்த காரின் மின்பாகங்களைச் செய்த லூகாஸ் கம்பெனிக்கு "இருளின் இளவரசன்" என்று பட்டப்பெயர் வைத்து ஐம்பது வருடமாகச் சிரிக்கிறார்கள். என் அனுபவத்தில் லூகாஸ் பாகங்கள் மேல் பெரிய குற்றம் இல்லை. குற்றம் எர்த்தில், அதாவது கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்புகிற இணைப்பில். ஒவ்வொரு விளக்கின் எர்த்தும் பாடியில் ஒரு போல்ட்டில் முடிகிறது, அந்த இடம் துருப்பிடித்தால் கரண்ட் வேறு வழியில் திரும்பப் பார்க்கும், இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கு மினுக்கும். உப்புத்தாளை எடுத்துக்கொண்டு எல்லா எர்த் இடங்களையும் கனெக்டர்களையும் ஒரு சனிக்கிழமை முழுக்கச் சுரண்டிச் சுத்தம் செய்தேன், அதற்குப் பிறகு 11 வருடமாக ஒயரிங்கில் ஒரே ஒரு ஃபியூஸ்தான் போயிருக்கிறது. ஹெட்லைட்டின் முழுக் கரண்டும் சுவிட்ச் வழியாகவே போகும்படி அந்தக் காலத்தில் அமைத்திருக்கிறார்கள், இரண்டு ரிலே போட்டுவிடுங்கள், வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும்படி கூடும். 1967 கடைசி வரை வந்த கார்களில் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும், இன்றைய கார்களில் நெகட்டிவ் முனை), அதில் இன்றைய ரேடியோவையோ போன் சார்ஜரையோ அப்படியே மாட்டினால் புகைந்துவிடும். 1974 வரை சீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரி. கையும் எட்டாது, கண்ணும் எட்டாது, அதனால்தான் பலர் அதைப் பார்க்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

பெட்ரோல் பம்ப் பின்பக்கம் இருக்கிறது. சாவி போட்டதும் டிக் டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்தால் எங்கோ பெட்ரோல் ஒழுகுகிறது அல்லது டேங்க் காலி. அடிக்கவே இல்லை என்றால் ஸ்பேனரால் அதன் தலையில் மெல்லத் தட்டுங்கள், வீடு வரை கொண்டுவந்து சேர்க்கும். நான் தட்டியிருக்கிறேன், சேர்த்திருக்கிறது.

தொல்லை பிடித்த வேலை ஒன்று உண்டு என்றால் அது கிளட்ச். எம்ஜிபியில் கிளட்ச் மாற்ற இன்ஜினை வெளியே தூக்க வேண்டும். பாகத்தின் விலை கொஞ்சம், கூலிதான் அதிகம். கிளட்சை மிதிக்கும்போது அதை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங் வேறு இதில் உருளும் பேரிங் இல்லை, கார்பன் வளையம், கிளட்சை மிதித்திருக்கும் நேரமெல்லாம் அது தேய்கிறது. சிக்னலில் நியூட்ரலுக்குப் போட்டுக் காலை எடுத்துவிடுகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் பத்து வருடம்கூட வரும், இல்லாவிட்டால் நான்கு வருடத்தில் இன்ஜின் வெளியே வந்துவிடும். முன்சக்கரம் திரும்புகிற அச்சான கிங்பின்னுக்கு 3,000 மைலுக்கு ஒரு தடவை கிரீஸ் அடிக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை, செய்யாமல் விட்டால் ஐந்நூறு பவுண்டு. ஆயில் கசிவு உண்மைதான், கீழே ஒரு தட்டு வையுங்கள். சொட்டாக விழுந்தால் கவலைப்படாதீர்கள், ஒழுகினால் பாருங்கள்.

அரசாங்க விஷயங்களில் இப்போது பழைய கார்காரர்களுக்கு நல்ல காலம். 40 வருடம் ஆன கார் ஹிஸ்டாரிக் வகுப்புக்கு வந்துவிடும், சாலை வரி பூஜ்யம். கடைசி எம்ஜிபி 1980இல் வெளியே வந்தது, ஆக எல்லாமே இப்போது அந்த வகுப்புக்குத் தகுதி. அந்த வகுப்பில் பதிந்திருந்தால் லண்டனில் புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான யூலெஸ் கட்டணமும் கிடையாது. 2018 மே முதல், பெரிய மாற்றம் செய்யாத 40 வருடக் காருக்கு எம்ஓடி (வருடாந்தர வாகனப் பரிசோதனை) கட்டாயம் இல்லை. ஆனால் எம்ஓடியை விட்டுவிடாதீர்கள். நான் ஒவ்வொரு வருடமும் காசு கொடுத்துச் செய்கிறேன், நம் கண்ணுக்குத் தெரியாத பிரேக் பைப் துருவை லிஃப்டில் ஏற்றி இன்னொருவர் பார்ப்பது உயிரைக் காக்கிற விஷயம். இன்ஷூரன்ஸ் என் தினசரி காரைவிடக் குறைவு, மைல் வரம்போடு கிளாசிக் பாலிசி எடுத்தால் போதும், "ஒப்புக்கொண்ட மதிப்பு" (கார் முழுதாகப் போனால் தரும் தொகையை முன்கூட்டியே முடிவு செய்வது) என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோல் மட்டும் கவனம். 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் இ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது), அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை உரித்துவிடும். சூப்பர் என்று விற்கும், எத்தனால் குறைந்த இ5 போடுங்கள், குழாய்களைப் புதிதாக்குங்கள். பழைய வால்வ் சீட்டைத் தேயாமல் காத்த ஈயம் கலந்த பெட்ரோல் போய் 25 வருடம் ஆகிவிட்டது, சிலிண்டர் ஹெட்டில் கெட்டியான வால்வ் சீட் போட்டாயிற்றா என்று விற்பவரிடம் கேளுங்கள். இல்லை என்றாலும் பயப்பட வேண்டாம், அது நாளைக்கே செய்ய வேண்டிய வேலை இல்லை. காலனுக்கு 25 முதல் 30 மைல் ஓடும்.

வீட்டில் ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பணத்துக்காக என்றால் பதில் சொல்லிவிட்டேன். பாதுகாப்புக்காக என்றால் அவர்கள் சொல்வது சரி, அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை, பின்னால் டிரம் பிரேக், பக்கத்தில் மோதினால் உங்களுக்கும் மோதுகிறவருக்கும் நடுவில் ஒரு மெல்லிய கதவு. 60 மைல் வேகத்தை எட்ட இதற்குச் சுமார் 12 விநாடி, இன்று சாதாரணக் குடும்ப காரே இதை முந்திவிடும், அவர்களின் பிரேக்கும் நம்முடையதைவிடப் பலமடங்கு நல்லது. முன்னால் போகிறவர் சட்டென்று நிறுத்தினால் உங்களால் அதே தூரத்தில் நிறுத்த முடியாது. இடைவெளியை இரண்டு மடங்காக வைத்து ஓட்டுகிறேன், மழை இரவில் மோட்டார்வேயில் எடுப்பதில்லை, என் மகளை 12 வயது வரை இதில் ஏற்றவில்லை. இது உங்கள் வீட்டாரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

எந்த வருடம்? என் கருத்தில் 1967 கடைசி முதல் 1974 இலையுதிர்காலம் வரை வந்த குரோம் பம்பர் கார்கள்: நெகட்டிவ் எர்த், ஆல்டர்னேட்டர், நான்கு கியருக்கும் சின்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு). ஓவர்டிரைவ் இல்லாமல் வாங்காதீர்கள். 70 மைல் வேகத்தில் அது இல்லாமல் இன்ஜின் சுமார் 3,900 சுற்று சுற்றும், ஓவர்டிரைவ் போட்டால் 3,200க்கு இறங்கும், காதுக்கு அந்த வித்தியாசம் பெரிது. 1974 கடைசியில் அமெரிக்கச் சட்டத்துக்காகக் கருப்பு ரப்பர் பம்பர் வைத்து, காரையும் ஒன்றரை அங்குலம் உயர்த்தினார்கள். பார்க்கவும் கனம், வளைவில் சாய்வும் அதிகம், ஆனால் விலை குறைவு, அதிலும் 1977 மாடல் முதல் சாய்வைக் குறைக்க முன்னும் பின்னும் பார் போட்டிருக்கிறார்கள். உங்கள் பணத்துக்கு அழுகிய குரோம் பம்பரைவிட நல்ல பாடியுள்ள ரப்பர் பம்பர் ஆயிரம் மடங்கு மேல். கூரை உள்ள எம்ஜிபி ஜிடியையும் பாருங்கள், ரோட்ஸ்டரைவிட மலிவு, நனையாது.

மற்ற கார்கள் பற்றி இரண்டு வரி. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் இன்னும் மலிவு, தனிச் சட்டம் உள்ளது, முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாகத் திறக்கும். சென்னையில் ஓடிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இதன் நெருங்கிய உறவு. வாங்கும் முன் ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி முன்பக்க புல்லி முன்னும் பின்னும் நகர்கிறதா என்று பாருங்கள், கண்ணுக்குத் தெரிய நகர்ந்தால் உள்ளே கிராங்க் ஆடுகிறது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். எம்ஜி மிட்ஜெட் அருமையான சின்னக் கார், ஆறடி ஆளுக்குக் கால் மடங்காது. டிரையம்ப் டிஆர்6, லோட்டஸ் எலான், ஜாகுவார் இ-டைப் எல்லாம் உங்கள் தொகைக்கு மேலே. கூரையைத் திறந்து ஓட்டினால் போதும், ஸ்பேனர் பிடிக்க நேரமில்லை என்றால் தயங்காமல் மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்குங்கள். பழைய எலானைப் பார்த்துக் கற்று 1989இல் வந்த கார் அது, அதைக் குறைவாக நினைக்க ஒன்றும் இல்லை. அதற்கும் சில் துருப்பிடிக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

அப்படியென்றால் நான் ஏன் இதை 14 வருடமாக வைத்திருக்கிறேன்? அக்டோபரில் ஒரு காய்ந்த காலை, ஷெஃபீல்டிலிருந்து கிளாசாப் போகும் ஸ்னேக் பாஸ் மலைச்சாலை, துணிக் கூரையை மடித்துவிட்டு ஹீட்டரைக் காலுக்குத் திருப்பிக்கொண்டு ஏறினால், வேகமானி 45ஐத் தாண்டியிருக்காது, ஆனால் ஸ்டியரிங் வழியாக ரோட்டின் ஒவ்வொரு சரளையும் கைக்கு வந்து சேரும். வளைவுக்கு முன் மூன்றாவது கியர், அந்தக் குட்டையான லீவர் மணிக்கட்டு அசைவில் சொருகிக்கொள்ளும், ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் ஒரு உறுமல். இந்த வேகத்தில் என் தினசரி கார் எனக்கு ஒன்றும் சொல்லாது. இன்னொன்றும் உண்டு. இந்த காரில் எனக்குத் தெரியாத போல்ட் அநேகமாக இல்லை. ஒரு சத்தம் வந்தால் அது எங்கிருந்து என்று தெரியும், எந்த ஸ்பேனர் என்று தெரியும். நான் பயன்படுத்துகிற வேறு எந்தப் பொருளைப் பற்றியும் என்னால் இப்படிச் சொல்ல முடியாது.

ஓட்டாமல் வைக்காதீர்கள் என்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் நின்றால் பிரேக் சிலிண்டர் ஒட்டிக்கொள்ளும், கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகும், கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டும், ரப்பரெல்லாம் காயும். உப்பு போடாத வாரங்களில் 20 மைலாவது எடுங்கள். அதற்குக் காய்ந்த கராஜ் வேண்டும், வாசலில் தார்ப்பாய் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நின்று திறந்த வெளியில் விட்டதைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். கராஜ் இல்லை என்றால் இப்போது வாங்க வேண்டாம்.

10,000 முழுவதையும் காருக்குக் கொடுக்காதீர்கள். 7,500க்குள் பாருங்கள், மீதி முதல் வருடத்துக்கு வேண்டும்.

போகும்போது ஒரு காந்தம், ஒரு டார்ச், ஒரு நல்ல ஜாக்கி எடுத்துப் போங்கள். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைச் சில் நெடுக வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் பட்டி. கார்ப்பெட்டைத் தூக்கி உள்பக்கம் கையை விட்டுத் தடவுங்கள், டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் இடத்தையும். கதவின் மேல்விளிம்பில் முக்கோணக் கண்ணாடிக்குக் கீழே விரிசல் இருக்கிறதா பாருங்கள், ரோட்ஸ்டரில் அது வழக்கம். பிறகு விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, கதவைத் திறந்து வைத்து, சில்லின் ஜாக்கி முனையில் ஜாக்கி வைத்துச் சக்கரம் தரையைவிட்டு எழும்பும் வரை தூக்குங்கள். நொறுங்கும் சத்தம் கேட்டால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கேட்கவில்லை என்றால், தூக்கிய நிலையிலேயே கதவை மூடிப் பாருங்கள். எங்கும் இடிக்காமல் மூடினால், அதற்குப் பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.